காது அடைத்துக்கொண்டால்: சொட்டு மருந்தா, தண்ணீரா, சக்‌ஷனா?

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். இடது காதுக்குள் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. என் குரலே எனக்குப் பானைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. வழக்கம்போல பட்ஸ் எடுத்துக் குடைந்தேன். அதுவரை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, அதோடு முழுசாக அடைத்துப்போனது.

விஷயம் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எண்ணெய் விடு. பெராக்சைடு விடு, நுரைத்துக்கொண்டு வந்துவிடும். சிரிஞ்சில் தண்ணீர் அடி. காதில் மெழுகுவத்தி வை. டாக்டரிடம் போய் உறிஞ்சி எடு. ஒருவர் மட்டும், "சும்மா விடு, தானாக வரும்" என்றார். ஆறுமே யாரோ ஒருவருக்குப் பலித்த வழியாகத்தான் சொல்லப்பட்டன. நான் படித்து, கேட்டு, கடைசியில் பட்டும் தெரிந்துகொண்டது இதுதான்: இவற்றை வரிசைப்படுத்தி 'எது பெஸ்ட்' என்று கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் செவிப்பறை முழுதாக இருக்கிறதா, காதில் முன்பு ஆபரேஷன் நடந்திருக்கிறதா, அடைப்புக்குக் காரணம் நிஜமாகவே அழுக்குதானா என்பதைப் பொறுத்து ஒருவருக்கு மருந்தாகும் வழி இன்னொருவருக்கு வினையாகிவிடும்.

அது ஏன் அங்கே இருக்கிறது?

காது அழுக்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். குறும்பி என்று அதற்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. மருத்துவர்கள் வாக்ஸ் என்பார்கள். அது வெளியிலிருந்து வந்து ஒட்டும் குப்பை இல்லை, உடம்பே செய்வது. பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் இரண்டரை செ.மீ. நீளம். அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும் எண்ணெய்ச் சுரப்பிகளும், வியர்வைச் சுரப்பிகளின் மாற்றுருவான வேறு சில சுரப்பிகளும் இருக்கின்றன. அவை சுரப்பதோடு உதிர்ந்த தோலும் முடியும் தூசியும் சேர்ந்தால் குறும்பி. லேசான அமிலத்தன்மை கொண்டது, தண்ணீரை ஒட்டவிடாது, கிருமிகளும் பூஞ்சையும் எளிதில் வளர விடாது.

வெளியேற்றும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது. செவிப்பறையின் மேல் உருவாகும் தோல், நகம் வளரும் அளவு மெதுவாக, வாசலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் அசையும் தாடை அதற்கு ஒரு தள்ளு கொடுக்கிறது. குறும்பி அந்தத் தோல்மேல் சவாரி செய்து வாசலுக்கு வந்து, காய்ந்து, நமக்குத் தெரியாமலே உதிர்ந்துவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறும்பி வெளிப்பக்கத்தில்தான் உற்பத்தியாகிறது. அப்படியிருக்க, செவிப்பறையை ஒட்டி ஒரு கட்டி உட்கார்ந்திருந்தால் அது அங்கே எப்படிப் போனது? பெரும்பாலும் யாராவது தள்ளிவிட்டதுதான். என் விஷயத்தில் அந்த யாராவது நான்.

எல்லாப் பழியும் பட்ஸுக்குப் போகாது. காது கேட்கும் கருவி, இயர்போன், காதடைப்பான் ஆகியவற்றை நெடுநேரம் அணிபவர்களுக்கு வாசல் மறிபடுகிறது. குழாய் குறுகலாகவோ வளைந்தோ இருப்பவர்கள், உள்ளே முடி அதிகமுள்ளவர்கள், தோலில் எக்சிமா என்ற அரிப்பு நோய் உள்ளவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்கும் அடைப்பு அடிக்கடி வரும். வயதாக ஆகக் குறும்பி காய்ந்து இறுகிப்போகிறது. குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கும் பெரியவர்களில் இருபதில் ஒருவருக்கும் இப்படி அடைத்துக்கொள்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. குறும்பி ஈரமாக இருக்குமா உலர்ந்து பொடியாக இருக்குமா என்பதை ஒற்றை மரபணு தீர்மானிக்கிறது என்று 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கிழக்காசியர்கள் பெரும்பாலோருக்கு உலர் வகை.

முதலில் ஒரு சந்தேகம்: அழுக்குதானா?

வழிகளை ஒப்பிடும் முன் இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் இதில் தவறினால் இழப்பு பெரிது. காது அடைப்பது, மந்தமாகக் கேட்பது, இரைச்சல், அரிப்பு, லேசான வலி எல்லாம் குறும்பியால் வரும். தொண்டைக்கும் போகும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று காதுக்குழாயின் தோலில் ஓடுவதால் சிலருக்கு இருமல்கூட வரும். தொண்டைக்கு மருந்து குடித்துக்கொண்டே இருப்பார்கள், காரணம் காதில் இருக்கும். குளித்தவுடன் திடீரென அடைப்பதும் குறும்பியின் குணம்தான். பாதி அடைத்திருந்த கட்டி தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ள, மிச்ச வழியும் மூடிவிடும்.

ஆனால் உள்காது நரம்பு பாதிக்கப்பட்டுத் திடீரென ஒரு காது கேட்காமல் போகும் நோய் ஒன்று உண்டு. அதுவும் ஆரம்பத்தில் 'காது அடைத்த மாதிரி'தான் இருக்கும். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரத்தைத் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். அழுக்குதானே என்று எண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருந்தவர்களுக்குத்தான் அதிக நஷ்டம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் அந்த ஒலி கூடுதலாகக் கேட்டால், ஒலி போகும் வழியில்தான் தடை; குறும்பியாக இருக்க வாய்ப்பு உண்டு. நன்றாக இருக்கும் காதுப் பக்கம் ஒலி ஒதுங்கினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது கைக்கணக்குதான், தீர்ப்பில்லை. அதனால் முனகல் எந்தப் பக்கம் கேட்டாலும், திடீரெனக் குறைந்த செவித்திறன் ஓரிரு நாளில் திரும்பாவிட்டால் காதைக் காட்டிவிடுங்கள். கடும் வலி, சீழ், ரத்தம், காய்ச்சல், தலைசுற்றல் இருந்தாலும் வீட்டு வைத்தியம் எதுவுமே வேண்டாம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. பணம் கேட்காது, வலிக்காது, பெரும்பாலான காதுகளுக்கு இதுவே போதும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக ஏதோ தெரிகிறது என்பது அதை எடுப்பதற்கான காரணமாகாது. காது நன்றாகக் கேட்கிறது, வலி அரிப்பு ஒன்றுமில்லை என்றால் மருத்துவர்களே அதைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். விலக்கும் உண்டு: செவிப்பறையைப் பார்த்தே ஆக வேண்டிய நேரத்தில், கேட்கும் கருவிக்கு அளவெடுக்கும்போது, தனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல முடியாத சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும். அவர்களுக்குத் தொந்தரவு இருந்தாலும் வெளியே தெரியாது அல்லவா?

ஆனால் ஏற்கெனவே இறுகி அடைத்துவிட்ட காதில் இதை நம்பி வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடியாது. அது எனக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

சொட்டு மருந்து

செவிப்பறை முழுதாக இருப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டிய அடி இதுதான் என்பது என் முடிவு. கடைகளில் எத்தனையோ வகை கிடைக்கும். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் மூன்று குடும்பம்தான். ஆலிவ் எண்ணெய், பாதாம் எண்ணெய், மினரல் ஆயில் போன்ற எண்ணெய் வகை. சோடியம் பைகார்பனேட் கரைசல், உப்புநீர் போன்ற தண்ணீர் வகை. நுரைத்துக் கிளப்பும் பெராக்சைடு வகை.

எண்ணெய் குறும்பியைக் கரைப்பதில்லை, வழுக்கவிட்டு இளக்குகிறது. இறுகிய கட்டியில் பெரும்பகுதி உதிர்ந்த தோல்தான், அதாவது நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே கெரட்டின். அதற்குள் தண்ணீர் இறங்கினால் தோல் செல்கள் ஊதி உடைகின்றன. அதனால் தண்ணீர் வகைகள் கட்டியைச் சிதைக்கும். பெராக்சைடு ஆக்சிஜன் குமிழிகளை விட்டுக் கட்டியைத் தளர்த்தும். கேட்க இதுதான் பெரிய வித்தைபோல இருக்கும், காதுக்குள் சோடா ஊற்றிய சத்தமும் வரும். ஆனால் தோல் மென்மையானவர்களுக்கு எரிச்சலும் தரும். கார்பமைடு பெராக்சைடு சொட்டு மருந்தின் அட்டையிலேயே நான்கு நாளுக்கு மேல் விடக் கூடாது என்று போட்டிருப்பார்கள்.

சரி, எது உசத்தி? மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ஐந்து நாள் சொட்டு மருந்து விட்ட காதுகளில் 22 சதவீதம் முழுசாகச் சுத்தமாயின. எதுவும் செய்யாதவற்றில் 5 சதவீதம். ஒரு மருந்து இன்னொன்றைவிட மேல் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. விலையுயர்ந்த சொட்டு மருந்து, சாதாரண உப்புநீரை வென்றதாகவும் காட்ட முடியவில்லை. இந்த 22-ஐ இரண்டு விதமாகப் படிக்கலாம். விட்டால் பலன் உண்டு என்பது ஒன்று. ஐந்தில் நான்கு பேருக்கு அது மட்டும் போதாது என்பது இன்னொன்று. இரண்டாவதைத் தெரிந்து வைத்திருந்தால், மருந்தை மாற்றி மாற்றி வாங்கி நொந்துபோக மாட்டீர்கள். சொட்டு மருந்தின் பெரிய பயன், அடுத்து வரப்போகும் வேலையை எளிதாக்குவது.

விடும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு சொட்டு விட்டு, பஞ்சை அடைத்துக்கொண்டு நடந்துவிட்டால் பஞ்சுதான் மருந்தைக் குடிக்கும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம். அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மூன்று சொட்டு விட்டு, காது வாசலுக்கு முன்னால் துருத்தியிருக்கும் குருத்தெலும்பை மெல்ல அமுக்கி அமுக்கி விடுங்கள். உள்ளிருக்கும் காற்று வெளியேறி மருந்து இறங்கும். ஐந்து, பத்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். தினம் இரண்டு வேளை, மூன்று முதல் ஐந்து நாள். நடுவில் ஒரு கட்டத்தில் காது முன்னைவிட மோசமாகக் கேட்கலாம். கட்டி ஊறுகிறது என்று பொருள், பயந்து குடையாதீர்கள். கொட்டை வகை ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பாதாம் எண்ணெய் கூடாது. செவிப்பறையில் ஓட்டை, காதில் பொருத்திய குழாய், சீழ் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் சொல்லாமல் எந்தச் சொட்டும் கூடாது.

தண்ணீரால் கழுவுவது

ஊறிய கட்டியைத் தண்ணீர் பீய்ச்சி வெளியே கொண்டுவரும் வழி. பழைய ஆட்கள் பெரிய உலோக சிரிஞ்சை நினைத்து நடுங்குவார்கள். அந்த நடுக்கத்தில் நியாயம் உண்டு. எவ்வளவு அழுத்தம் போகிறது என்று கைக்குத் தெரியாது. பிரிட்டனில் மருத்துவர்களுக்குச் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கையால் அழுத்தும் சிரிஞ்சு வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியைத்தான் அது ஏற்கிறது.

தண்ணீர் கிட்டத்தட்ட 37 டிகிரியில், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சுட்டாலும் உள்காதில் சமநிலையைக் காக்கும் குழாய்களின் திரவம் நகர ஆரம்பித்து, அறையே சுற்றும். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர், காது கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்து, தண்ணீரின் சூட்டுக்கும் அந்தச் சுற்றலுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். சமநிலை உறுப்பைப் பற்றிய அவருடைய ஆய்வுகளுக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. சூடு சரியில்லாத தண்ணீரால் மருத்துவ உலகத்துக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் செய்வதென்றால் மென்மையான ரப்பர்க் குமிழ் மட்டும். முதலில் சில நாள் சொட்டு மருந்தால் ஊற வைத்திருக்க வேண்டும். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் குழாயின் வளைவு நேராகும். தண்ணீரைச் செவிப்பறையைப் பார்த்து அடிக்காமல் மேல் பின்சுவரில் படும்படி மெல்ல விட வேண்டும். அது பின்னால் போய்த் திரும்பி வரும்போது கட்டியை அணைத்துக்கொண்டு வரும். வலித்தாலோ சுற்றினாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். முடிந்ததும் தலையைச் சாய்த்துத் தண்ணீர் முழுக்க வடியவிட்டு, துண்டால் வெளியே ஒற்றி எடுங்கள். இரண்டு தடவை முயன்று வராதது மூன்றாம் தடவை வராது. மருத்துவமனையிலும் அதே கணக்குதான்: ஒரு தடவை கழுவி வராவிட்டால் மறுபடி ஊற வைத்தோ, கால் மணி நேரம் தண்ணீர் விட்டு வைத்தோ இன்னொரு முறை, அதற்கும் அசையாவிட்டால் நிபுணரிடம்.

இது யாருக்கெல்லாம் ஆகாது என்ற பட்டியல் நீளம். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், அல்லது முன்பு இருந்ததா என்று உறுதியாகத் தெரியாதவர்கள். காதில் ஆபரேஷன் நடந்தவர்கள். காது ஒழுகுகிறவர்கள். ஒரே காதுதான் கேட்கும், அதுவே அடைத்திருக்கிறது என்பவர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் தனிக் கவனம் எடுக்க வேண்டும். ஈரம் தங்கிய காதில் அவர்களுக்கு வரும் தொற்று எலும்பு வரை பரவக்கூடியது. இவர்களெல்லாம் அடுத்த வழிக்கு நேராகப் போய்விடலாம்.

சக்‌ஷனும் கருவிகளும்

காது மூக்கு தொண்டை மருத்துவர், மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் குறும்பியை உறிஞ்சி எடுப்பது சக்‌ஷன். தண்ணீர் வேண்டாம், செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் பழைய ஆபரேஷன் காதானாலும் செய்ய முடியும். முக்கியமாக, செய்பவருக்கு என்ன செய்கிறோம் என்று கண்ணால் தெரியும். மற்ற எல்லா வழியும் கிட்டத்தட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான்.

குறை இல்லாமல் இல்லை. சத்தம். உறிஞ்சும் குழாய் செவிப்பறைக்கு ஒரு விரல் கிடையிலும் கம்மியான தூரத்தில் இரைந்தால் எப்படி இருக்கும்? உள்ளே இழுபடும் காற்றின் குளிர்ச்சியால் சிலருக்குத் தலை லேசாகச் சுற்றும். கட்டி காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தால் வலிக்கும். அதனால்தான் சில நாள் முன்பே சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வரச் சொல்வார்கள். செலவும் நேரமும் கூடுதல். சில மருத்துவர்கள் நுனி வளைந்த கொக்கியாலோ சின்னக் கரண்டியாலோ எடுப்பார்கள். கெட்டியான, வாசலுக்கு அருகிலுள்ள கட்டிக்கு அது சக்‌ஷனைவிட வேகம். கை பழகியவர் செய்ய வேண்டும், நோயாளி ஆடாமல் இருக்க வேண்டும்.

ஒப்பீட்டிலேயே சேர்க்கக் கூடாதவை

பட்ஸ்: 1920-களில் கைக்குழந்தைகளைத் துடைக்க உருவானது, இன்று அதன் பெட்டியிலேயே காதுக்குள் விடாதீர்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை பட்ஸ் காயங்களுக்காக அவசர சிகிச்சைக்கு வந்த சிறுவர் சிறுமியர் சுமார் 2,63,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு நாளைக்கு 34 பேர். குடைவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. குடையக் குடையத் தோல் காய்ந்து இன்னும் அரிக்கும், அரித்தால் இன்னும் குடைவோம்.

மெழுகுவத்தி: எரியும் திரி காதுக்குள் வெற்றிடம் உண்டாக்கி அழுக்கை இழுக்கும் என்கிறார்கள். 1996-இல் சோதித்துப் பார்த்தபோது எந்த இழுவிசையும் உருவாகவில்லை, குறும்பியும் வரவில்லை. சில காதுகளில் மெழுகு சொட்டி ஒட்டியதுதான் மிச்சம். எரிந்து முடிந்தபின் உள்ளே தெரியும் பழுப்புப் பொடி வத்தியின் சொந்தச் சரக்கு.

புதிதாக வந்திருக்கும் கேமரா வைத்த கரண்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். திரையில் எல்லாம் பெரிதாகத் தெரியும், ஆழம் மட்டும் தெரியாது. பார்ப்பதோடு நிறுத்தும் மனக்கட்டுப்பாடு இருந்தால் சரி. எனக்கு இல்லை.

அப்படியானால் யாருக்கு எது?

காதில் முன்பு எந்தத் தொல்லையும் இல்லாத, வலியில்லாமல் அடைப்பு மட்டும் உள்ள பெரியவர் ஐந்து நாள் சொட்டு மருந்தில் தொடங்கலாம். வராவிட்டால் தண்ணீரா சக்‌ஷனா என்பது அருகில் எது நம்பகமாகக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டும் கிடைக்குமானால் நான் சக்‌ஷன் பக்கம். காதில் பழைய பிரச்சினை உள்ளவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் ஆரம்பமே மருத்துவர்தான். கேட்கும் கருவி அணிபவர்கள் அடைத்த பிறகு ஓடுவதைவிட மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டிவிடுவது மேல். கருவி பழுது என்று கடைக்குப் போகும் பலருக்கு, பழுது குறும்பியில்தான். குழந்தைகளுக்கு வீட்டில் வெளி மடலைத் துடைப்பதோடு சரி. குழந்தை காதுக்குள் பொத்தான் பேட்டரி போட்டுக்கொண்டது என்று தெரிந்தால் சொட்டும் தண்ணீரும் விடாமல் உடனே மருத்துவமனை. அது சில மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும்.

நான் ஐந்து நாள் ஆலிவ் எண்ணெய் விட்டேன். மூன்றாம் நாள் காது இன்னும் மோசமானது, ஐந்தாம் நாள் கொஞ்சம் திறந்தது, முழுசாக வரவில்லை. ஆறாம் நாள் மருத்துவர் உறிஞ்சி எடுத்தார். பயந்த அளவு வலியில்லை, சத்தம் மட்டும் பயந்ததைவிட அதிகம். எழுந்தபோது நாற்காலி கிறீச்சிட்டதும், என் சட்டை உரசுவதும்கூடக் கேட்டது. வலது காதையும் பார்த்தார். அதிலும் குறும்பி இருந்தது. "எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். "இந்தக் காது நன்றாகக் கேட்கிறதா?" என்றார். கேட்கிறது என்றேன். விளக்கை அணைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.